சோற்றைக் குறைத்தல்

உடற் பருமனைக் குறைப்பதற்காகச் சோற்றை விலக்கி உண்ணும் வழக்கமொன்று அண்மைக் காலத்தில் நம்மிடையே பரவி வருகின்றது. மாப்பொருள் குறைந்த உணவு என்பது அதன் பெயர். சோறு, பாண், இடியப்பம், கிழங்கு, சீனி ஆகியவற்றைத் தள்ளி, மீன், முட்டை, இறைச்சி, கீரை, காய்கறி, தேங்காய் ஆகியவற்றைக் கொள்வதே அதன் முறை. கொச்சிக்கடையிலே, புனித அந்தோனியார் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களில், முன்னர் இதனை அறிந்தவர் மிகச் சிலரே. இன்றோ, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மாரும், மரக்கறி விற்போரும், முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் இதனைப்பற்றிப் பேசுகின்றனர். இன்னார் இரண்டு மாதத்தில் இத்தனை கிலோ இறங்கினார் என்னும் செய்தி, தெருவுக்குத் தெரு நடந்து செல்கின்றது.

நான் வைத்தியர் அல்லேன், பாடசாலை அதிபர். எனினும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் காலை உணவு எத்தகையது என்பதைப் பிள்ளைகளின் முகத்தைக் கொண்டே அறியக்கூடிய தொழில் எனது தொழில். ஆகையால், இவ்வுணவு முறையில் மெய் எவ்வளவு, அது நம்மவர் அடுப்பங்கரைக்கு எவ்வளவு பொருந்தும், யாருக்கு ஆகாது என்பனபற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இது நேற்று அமெரிக்காவில் முளைத்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இதன் வரலாறு நூற்றாண்டுகள் பழையது. 1862ஆம் ஆண்டிலே இலண்டன் நகரில் வில்லியம் பன்டிங் என்றொருவர் இருந்தார். அரச குடும்பத்தாரின் ஈமச் சடங்குகளுக்கான ஏற்பாடுகளைச் செய்யும் பரம்பரையைச் சேர்ந்தவர் அவர். பிறருடைய இறுதிப் பயணத்தைச் சீராக நடத்திவைத்த அந்த மனிதருக்குத் தம் வீட்டு மாடிப்படியில் இறங்குவதே பெரும் பாடாயிற்று. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 202 இறாத்தல். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட இயலாது. முழங்கால் தாங்காமையால் படிகளிலே பின்பக்கமாகத் திரும்பி இறங்குவார். படகு வலித்தார், பசி கூடியதேயன்றிப் பருமன் குறையவில்லை. வெந்நீர்க் குளியல், கடற்கரை வாசம், மருந்து என ஒவ்வொன்றாய்ச் செய்து சலித்தார். ஈற்றிலே காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியரிடம் சென்றார். காது பார்க்கச் சென்றவரிடம் அவ்வைத்தியர், "பாண், பால், வெண்ணெய், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டுவிடும்" என்றார். ஹார்வி, பாரிசிலே குளோட் பேர்னார்ட் என்னும் பேரறிஞர் ஈரலும் சர்க்கரையும்பற்றி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டவர்.

ஓராண்டு சென்றது. பன்டிங் 46 இறாத்தல் இறங்கினார். காதும் தெளிந்தது, மாடிப்படியிலும் நேராக இறங்கினார். இம்மகிழ்ச்சியை அடக்கமாட்டாதவராய், 1863ஆம் ஆண்டிலே பருமன்பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி அச்சிட்டு, முதற் பதிப்புக்களை இலவசமாகவே வழங்கினார். அச்சிறு நூல் அடைந்த பெருமை சொல்லுந்தரமன்று. உணவைக் குறைத்து மெலிதலுக்கு அவருடைய பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச் சொல்லாயிற்று. பிற்காலத்தில், 1921ஆம் ஆண்டிலே ரொறன்ரோ நகரில் இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் பன்டிங் இவருக்குத் தூரத்து உறவினர் என்பர். சர்க்கரையோடு இக்குடும்பத்துக்கு ஏதோ பூர்வ ஜென்மப் பகை இருந்தது போலும்!

ஒன்றை மட்டும் நாம் கவனித்தல் வேண்டும். பன்டிங் மாப்பொருளை அடியோடு விட்டாரல்லர். வேளைக்கு ஓரவுன்ஸ் வாட்டிய பாண் அவருடைய தட்டிலே இருந்தது. நாள்தோறும் பல கிண்ணம் திராட்சை மதுவும் இருந்தது. அதனை நம் நேயர்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

இம்முறையால் உடல் மெலிவது எவ்வாறு? நாம் உண்ணும் மாப்பொருளில் ஒரு பங்கு கிளைக்கோஜன் என்னும் பெயரோடு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்படுகின்றது. வளர்ந்த ஒருவரிடம் இச்சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமளவு நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கின்றது. சோற்றை நிறுத்திய முதல் வாரத்திலே இச்சேமிப்புக் கரைகின்றது. நீரும் உடன் வெளியேறுகின்றது. தராசிலே ஒன்றிரண்டு கிலோ குறைந்து காட்டுகின்றது. தெருவிலே பேசப்படும் அற்புதங்களிற் பாதி இந்த நீர்தான். ஒருநாள் விருந்துண்டால் அது திரும்பி வந்துவிடும். அதற்குப் பின் குறைவதே மெய்யான கொழுப்பு. மீனும் முட்டையும் பருப்பும் பசியை நெடுநேரம் அடக்குவதாலும், பலகாரமும் சீனித் தேநீரும் தாமாகவே விலகுவதாலும், மொத்தத்தில் உண்ணும் அளவு சுருங்குகின்றது. ஆகவே உடல் மெலிகின்றது.

கொழுப்பைக் குறைப்பது நல்லதா, மாப்பொருளைக் குறைப்பது நல்லதா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஓராண்டு அவ்விரு வழிகளில் நடத்திப் பார்த்து, 2018ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். கொழுப்பைக் குறைத்தோர் சராசரி 5.3 கிலோ இறங்கினர். மாப்பொருளைக் குறைத்தோர் 6 கிலோ இறங்கினர். பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்பதே தீர்ப்பு. இரு பிரிவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்றுண்டு: சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து, காய்கறியை நிறைய உண்ணுங்கள் என்பது. எனவே எந்த வழி என்பதைவிட, எந்த வழியில் ஒருவர் சலிப்பின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கக்கூடும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்குச் சோறு என்பது பல உணவுகளுள் ஓர் உணவன்று. அரிசியின் விலையினால் அரசாங்கங்கள் ஆட்டங்கண்ட நாடு இது. 1953ஆம் ஆண்டிலே பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே கதவடைத்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 'வயிறாரச் சாப்பிட்டாயா?' என்று நம் வீட்டில் கேட்டால், 'சோறு போதுமா?' என்பதே அதன் பொருள். தாய் மகனுக்கு இன்னும் ஓர் அகப்பை சோறு வைப்பது அன்பு. குறைத்து வைப்பது பிணக்கு.

கொச்சிக்கடைக்கு இதில் ஒரு தனிக் கதையும் உண்டு. இங்கே பல குடும்பங்களின் பாட்டனார்மார் துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர்கள். விடியுமுன் சென்று, பொழுது சாயுமட்டும் அரிசி, மா, சீனி மூட்டைகளை முதுகில் ஏற்றி இறக்கியவர்களுக்குக் குவித்து வைத்த சோறு வேண்டியதாகவே இருந்தது. 1980களிலே கொள்கலன் முனையங்கள் எழுந்தன. சுமையைப் பாரந்தூக்கி எடுத்துக்கொண்டது. பேரன் இன்று கணினி முன்னோ, காசு மேசையிலோ, வண்டியின் சாரதி ஆசனத்திலோ அமர்ந்திருக்கின்றான். மூட்டை போய்விட்டது, தட்டிலுள்ள குவியல் மட்டும் போகவில்லை.

இதன் விளைவு நாடறிந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், வளர்ந்தோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டனர். நகர்ப்புறங்களில் அது நூற்றுக்கு 16.4. அதாவது ஆறு பேரில் ஒருவர். அதன்பின் இத்தொகை குறைந்ததென்று சொல்வார் எவருமிலர்.

ஆகவே சோற்றைக் குறைக்கவேண்டும் என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. ஆனால் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு நம்மவர் செய்வது என்ன என்பதை ஆராய்ந்தால் நகைப்பே வரும். ஒரு கோப்பைச் சோற்றிலே ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் உண்டு. இரவில் சோறே தொடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லும் ஒருவர் கால் இறாத்தல் பாண் உண்கின்றார். அதிலே 55 கிராம் மாப்பொருள் உண்டு. அரை இறாத்தல் உண்டால் இரண்டு கோப்பைச் சோற்றையும் கடந்துவிட்டார். இன்னொருவர் பத்து இடியப்பத்தைச் சொதியில் நனைத்து உண்டு, 'இன்று இலேசான சாப்பாடு' என்கின்றார். இடியப்பம் பிழிந்த மாவும் அரிசி மாவே என்பதை ஏனோ மறந்துவிடுகின்றார். கொத்து ரொட்டி கோதுமை. அரிசியன்று என்று ஆறுதல் கொள்வாரும் உளர். குரக்கன் பிட்டு நல்லதே. அதில் நார்ப்பொருள் மிகுதி. எனினும் குரக்கன் மாவிலும் நூற்றுக்கு எழுபது பங்கு மாப்பொருளே. சிவப்பரிசிச் சோறென்றால் எவ்வளவும் உண்ணலாம் என்பதும் இத்தகைய மயக்கமே. பெயரை மாற்றுவதால் மாப்பொருள் மாறிவிடுவதில்லை.

சீனியின் கணக்கோ இதனினும் கொடிது. நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால், அறுபது கிராமுக்கு மேல் வெறுஞ்சீனி உள்ளே செல்கின்றது. ஒரு தட்டுச் சோற்றையும் விடாமல் இதை மட்டும் விட்டவர்கள்கூட இடுப்பு அளவிலே மாற்றங் காண்கின்றனர். போத்தற் பானங்களில் எவ்வளவு சீனி உண்டென்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டவேண்டுமென 2016ஆம் ஆண்டிலே நம் அரசாங்கம் விதித்தது. நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. மறு ஆண்டிலே சீனியின் அளவுக்கேற்ப வரியும் வந்தது. பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள் விலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

மேல்நாட்டு நூல்கள் வகுக்கும் உணவுப் பட்டியலைப் பார்த்தால், காலையில் மூன்று முட்டை, நண்பகலில் கோழி, இரவில் மீன், இடையிலே பாதாம் பருப்பு, பாற்கட்டி என்றிருக்கும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பில் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 பங்கு ஏறியிருந்தன. அக்காலத்தில் முட்டையைப் பாதியாக வெட்டிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட வீடுகளை நான் அறிவேன். அவ்வீட்டாரிடம் இப்பட்டியலை நீட்டுதல் முறையாகுமா? சோறு மலிவு, வயிற்றை நிரப்புவது. அதை எடுத்துவிட்டு அவ்விடத்திலே வைப்பதற்கு ஒன்றில்லையேல், அது உணவு முறையாகாது, பட்டினியாகும்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் ஒரே அடுப்பு, ஒரே பானை. அப்பாவுக்கு ஒரு சமையல், பிள்ளைக்கு ஒரு சமையல் என்று செய்யக் காலை ஐந்து மணிக்கு எழும் ஒரு தாய்க்கு நேரமில்லை. எல்லாருக்கும் பரிமாறிய பின்னர் கறி தீர்ந்துவிட, எஞ்சிய சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டுப் பிரட்டி உண்பவளும் அவளே. வீட்டிலேயே மிகுதியான மாப்பொருளை உண்பவள் சமைத்தவள் என்பதை எந்த நூலும் எழுதக் காணேன். ஆகையால் ஒருவருக்கென்று தனி உணவு வகுப்பதைவிட, வீட்டுப் பானையையே சற்று மாற்றுவதுதான் நமக்கு இயலும். அரிசியில் மூன்றிலொரு பங்கைக் குறைத்துப் போடுங்கள். அக்காசிலே கீரையும் காயும் இரட்டிப்பாக வாங்குங்கள். வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி, பயற்றங்காய், கத்தரிக்காய், வாழைப்பூ ஆகியவை இன்னும் ஏழைக்கு எட்டாதவை ஆகிவிடவில்லை. விலையுயர்ந்த மீன் வேண்டாம். சாளையும் சூடையும் நெத்தலிக் கருவாடும் போதும். கருவாட்டை நன்கு கழுவி உப்பைப் போக்கிக்கொள்க. பருப்பிலும் கடலையிலும் மாப்பொருள் ஓரளவு உண்டென்றாலும் புரதமும் நாரும் கூடவே வருவதால் அஞ்சவேண்டியதில்லை. தட்டிலே முதலிற் கறிகளை வைத்து, எஞ்சிய இடத்திலே சோற்றை வைக்கும் வழக்கம் ஒன்றே, குவியலைக் குறைத்துவிடும். சமைத்தவளுக்குரிய கறியை முன்னதாகவே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுதல் மிக நன்று.

இவ்வாறு சிறிதளவு குறைத்தாற் பயனுண்டோ என ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. இந்தியாவிலே 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அறிக்கையொன்று, புதிதாக நீரிழிவு கண்டோர் உணவின் ஆற்றலில் மாப்பொருளின் பங்கை நூற்றுக்கு 49 முதல் 54 வரை இறக்கி, புரதத்தை 20 அளவுக்கு உயர்த்தினால் நோய் தணியும் வாய்ப்புண்டெனக் கணித்துக் கூறிற்று. கணிப்பென்பது நேரிற் சோதித்ததாகாது. எனினும் அரிசியுண்ணும் மக்களின் உணவைக் கொண்டு செய்த கணிப்பாதலின் நமக்கு நெருங்கியது. அமெரிக்காவிலே 15,000க்கு மேற்பட்டோரை இருபத்தைந்து ஆண்டளவு தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட வேறோர் ஆய்விலும், மாப்பொருளை மிகுதியாக உண்டோரைப் போலவே மிகக் குறைவாக உண்டோரும் முன்னதாக இறந்தனர் என்றும், பாதியளவு உண்டோரே நெடிது வாழ்ந்தனர் என்றும் கண்டனர். மாப்பொருளைக் குறைத்த இடத்தை இறைச்சியால் நிரப்பியோரைவிடப் பருப்பு, காய், கொட்டை வகைகளால் நிரப்பியோர் நலமாயிருந்தனர்.

இப்பேச்சை நான் ஏற்றுக்கொண்டதற்கு உண்மையான காரணம் இனிச் சொல்லப்போவதே. சில காலத்துக்கு முன்னர் ஒரு தாய் தம் மகளின் விடயமாக எங்கள் பாடசாலைக்கு வந்திருந்தார். அலுவலக வாங்கிலே அமர்ந்திருந்தவருக்குத் திடீரென வியர்த்தது, கை நடுங்கிற்று, கேட்டதற்குப் பொருந்தாத விடை கூறினார். அவர் நீரிழிவுக்காரர் என்பது மகளுக்குத் தெரியும். வெறுந்தேநீரில் மூன்று தேக்கரண்டி சீனியிட்டுப் பருக்கினோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். விசாரித்தபோது, தொலைபேசியிலே யாரோ சொல்லக் கேட்டுப் பத்து நாளாகச் சோறு, பாண் எதுவும் தொடவில்லை என்றார். "மாத்திரையை விடவில்லை ரீச்சர், சோத்தைத்தானே விட்டனான்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கின்றது.

அதுவே அபாயம். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் முதலிய மாத்திரைகளும் இன்சுலினும் உண்ணப்போகும் உணவைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படுபவை. உணவை நிறுத்தி மருந்தை நிறுத்தாவிட்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரை மிகத் தாழ்ந்து, மயக்கமும் சிலவேளை மரணமும் நேரும். மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் அவ்வளவு கேடானதே. அண்மைக் காலத்தில் வழங்கும் எம்பாகிளிஃப்ளோசின், டப்பாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைகளில் வேறோர் ஆபத்து உண்டு. அவற்றை உண்போர் மாப்பொருளை அறவே விட்டால் இரத்தத்தில் அமிலம் பெருகும். அவ்வேளை சர்க்கரையின் அளவு பெரிதும் ஏறாமலே இருக்கக்கூடுமாதலால் நோயாளி ஏமாந்துவிடுவார். வாந்தி, வயிற்று நோ, மூச்சிரைப்புத் தோன்றினால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஆகவே நீரிழிவு மருந்து உண்போர் சோற்றைக் குறைக்க விரும்பினால், முதலில் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அத்தாயும் அவ்வாறே செய்தார். மாத்திரை குறைக்கப்பட்டது, இப்போது வேளைக்கு ஒரு கோப்பைச் சோறும் நிறையக் கறியும் உண்கின்றார்.

சிறுநீரக நோயுள்ளோர் புரதத்தைக் கூட்டுமுன்னர் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இந்தப் பரீட்சையில் இறங்கலாகாது. வளரும் பிள்ளைகளை இதில் மாட்டிவிடுதல் பெரும் பிழை. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை, தாயைப் பார்த்துத் தானும் காலை உணவை விட்டுவிட்டு வந்து, காலைக் கூட்டத்தில் வெயிலிலே சுருண்டு விழுவதைக் காணும்போது எங்களுக்கு எவ்வளவு வேதனை என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. பிள்ளைக்கு விலக்கவேண்டியது போத்தற் பானமும் பொரித்த பலகாரமுமே, சோறன்று.

விருந்து நாட்களில் என் செய்வது எனச் சிலர் கேட்பர். நம் பகுதியிலே ஜூன் மாதம் 13ஆந் திகதி அந்தோனியார் திருவிழா. அடுத்த தெருவிலே ஆலய அன்னதானம். அதற்கடுத்த வீட்டிலே பெருநாட் பிரியாணி. இவற்றுக்கெல்லாம் முகந்திருப்பும் உணவுமுறை நம்மிடையே மூன்று மாதத்துக்கு மேல் நிலைக்காது. அன்று உண்ணுங்கள், மறுநாள் வழக்கத்துக்குத் திரும்புங்கள்.

தராசு இல்லாத வீட்டிலும் தையற்காரரின் அளவு நாடா இருக்கும். ஆசிய நாட்டவரில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்படலாகாது என்பர். மேற்பட்டிருப்பின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011ஆம் ஆண்டுமுதல் இதற்கென்றே அமைக்கப்பட்டவை, கட்டணமில்லை. நீரிழிவு உண்டோ என முதன்முறையாகப் பரிசோதிக்கச் செல்வோர் அன்று காலையில் தேநீரும் பருகாது, தண்ணீர் மட்டும் அருந்திச் செல்லலாம். ஏற்கெனவே மாத்திரை உண்போர் எப்படி வரவேண்டுமென முன்னரே கேட்டறிந்து, உண்ணும் மாத்திரைகளின் உறைகளையும் கையோடு எடுத்துச் செல்வார்களாக.